கற்பூரவல்லி நட்ட பிரேக் டிரம்

கடலூர் ஓ.டி.
19 ஜனவரி 2025

சேசு மரி சூசை துணை

மாப்பிள்ளை டேவிட் ராஜ் அவர்களுக்கு, மாமனார் சகாயநாதன் எழுதுவது.

'அவர்கள்' போட்டிருக்கிறேனே என்று குளிர்ந்துபோக வேண்டாம். கல்யாணம் ஆன நாளிலிருந்து 'வாப்பா, போப்பா' என்று கூப்பிட்ட வாய்தான் இது. இப்போது மரியாதை கொடுத்து எழுதுகிறேன் என்றால் கோபம் இன்னும் இறங்கவில்லை என்று அர்த்தம்.

பேத்தி ஜோவிட்டாவின் கைக்கட்டை வியாழக்கிழமை பிரித்துவிட்டார்கள். முழங்கை மடங்குகிறது, நிமிர்கிறது. கை கொஞ்சம் மெலிந்து கிடக்கிறது, சாப்பிட்டால் தேறிவிடும் என்றார் டாக்டர். வெட்டியெடுத்த மாவுக்கட்டைத் தூக்கிப் போடக் கூடாது என்று ஒரே அழுகை. அது இப்போது என் சட்டைகளோடு அலமாரியில் இருக்கிறது.

போனில் பேசித் தொலைக்க வேண்டியதுதானே என்று பெலிசியா மஸ்கட்டிலிருந்து உங்கள் அத்தையிடம் கேட்டாளாம். நர்ஸ் வேலை பார்க்கிறவளுக்கு அப்பன் காதைப் பற்றித் தெரியாதா? ஆயுசுக்கும் சிப்காட்டில் பாய்லர் ஓட்டியவனுக்கு போன் எதற்கு? அந்தப் பக்கம் பேசுவது எனக்குக் கேட்காது. நான் கத்துவது மட்டும் தெருவுக்கே கேட்கும். ஆஸ்பத்திரி வராந்தாவில் அன்று நடந்ததும் அதுதான். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று எனக்கு இன்று வரை தெரியாது. நான் சொன்னது வார்டு முழுக்கத் தெரியும். எழுதினால் இரண்டு பேருக்கும் கேட்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். டிசம்பர் வெள்ளத்தில் ஆலப்பாக்கத்துக்கு முன்னால் ரோட்டில் நின்ற தண்ணீருக்குள் சக்கரம் முங்கக் கார் வண்டியை ஓட்டினீர்கள். தண்ணீரைத் தாண்டியதும் குறுக்கே ஆடு வந்தது. பிரேக்கை மிதித்தீர்கள். வண்டி நிற்காமல் பள்ளத்தில் போய்ச் சாய்ந்தது, பிள்ளைக்குக் கை முறிந்தது. டயர் கடை அந்தோணிசாமி சொல்கிறான், உங்கள் வண்டியின் பின்சக்கரத்தில் இருப்பது டிரம் பிரேக்காம். கவிழ்த்து வைத்த சட்டி மாதிரி மூடிக் கிடக்குமாம். உள்ளே தண்ணீர் புகுந்தால், பிடித்து நிறுத்துகிற பிரேக் ஷூ வழுக்குமாம். பெரிய வண்டிகளில் பின்னாலும் டிஸ்க்தானாம். அது வெறும் தட்டு, திறந்து கிடக்கும், தண்ணீர் தங்காது.

ஜூனில் பிள்ளையை அண்ணாமலை நகருக்கு அழைத்துப் போய் உங்களோடு வைத்துக்கொண்டு அங்கே பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்பது நீங்களும் பெலிசியாவும் எடுத்த முடிவு. நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் அந்த வண்டியின் பின்சக்கரத்துக்கும் டிஸ்க் போடாமல் என் பேத்தி இந்த வீட்டுப் படியிறங்க மாட்டாள். பஸ்ஸில் கூட்டிப் போகிறேன் என்று சொல்ல வேண்டாம். போகும்போது பஸ்ஸில் போவீர்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அந்த வண்டியில் ஏற்றி ஊரைச் சுற்றுவீர்கள். எனக்குத் தெரியாதா?

சகாயநாதன்


அண்ணாமலை நகர்
28 ஜனவரி 2025

மாமாவுக்கு, டேவிட்.

கைக்கட்டு பிரித்த செய்தி வரைக்கும் படித்துவிட்டு, கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். மீதியை மறுநாள்தான் படித்தேன். மீதியில் என்ன இருக்கும் என்று தெரியும்.

வண்டியைச் சிதம்பரம் வண்டிகேட்டில் யாசரின் ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். பள்ளத்தில் விழுந்தபோது நெளிந்ததையெல்லாம் நிமிர்த்தியவன் அவன்தான். நீங்கள் சொன்னதைச் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான். “அண்ணே, வண்டிய நிறுத்தற வேலைய ஜாஸ்தி செய்யறது முன்சக்கரந்தான். அதுல டிஸ்க்கு ஏற்கெனவே இருக்குது. பின்னாடி டிரம்மு கூடமாட ஒத்தாசைக்கு. தண்ணி பூந்துச்சின்னா பிரேக்க லேசா மிதிச்சிக்கினே கொஞ்ச தூரம் உருட்டு, சூட்டுல காஞ்சிடும். அத்த வுட்டுட்டு டிஸ்க்கு மாத்தறேன்னா சக்கரம் மாட்டற ஹப்புல ஆரம்பிச்சி ரிம்மு வரைக்கும் மாத்தணும். யாருண்ணே உனக்கு இந்த யோசனை சொன்னது?”

மாமனார் என்றேன். அவன் சிரிக்கவில்லை. “அப்ப செஞ்சிதான் ஆவணும்” என்றான்.

தண்ணீரைத் தாண்டினால் பிரேக்கை மிதித்துக் காய வைக்க வேண்டும் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. வண்டி ஓட்டக் கற்றுக் கொடுத்த யாரும் சொல்லவில்லை. இப்போது தெரியும். ஆனால் இதையெல்லாம் எழுதி உங்களோடு வழக்காட எனக்குத் தெம்பு இல்லை மாமா. பகலெல்லாம் ஆபீசில் மற்றவர்கள் வழக்கைக் கேட்டுவிட்டு வருகிறேன். டிஸ்க் என்றீர்கள், டிஸ்க் போடுகிறேன்.

ஜோவிட்டாவுக்கு என்று ஒரு மேஜை வாங்கி ஜன்னல் பக்கம் போட்டிருக்கிறேன். வேலையிலிருந்து வந்ததும் பழக்கத்தில் சட்டையைக் கழற்றி அதன்மேல் போட்டுவிடுகிறேன். பிறகு மனசு கேட்காமல் எடுத்துக் கொடியில் போடுகிறேன். தினமும் இது நடக்கிறது.

ஒன்று மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். மாற்றி முடித்தால் அனுப்புவீர்கள்தானே?

டேவிட் ராஜ்


கடலூர் ஓ.டி.
9 பிப்ரவரி 2025

மாப்பிள்ளைக்கு,

அனுப்புவீர்கள்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். நான் என்ன, சொன்ன சொல்லை மென்று முழுங்குகிறவனா? போடுங்கள், அனுப்புகிறேன்.

ஆனால் போட்டேன் என்று வாயால் சொன்னால் நம்ப மாட்டேன். கழற்றுகிற டிரம் இரண்டையும் பஸ்ஸில் போட்டு அனுப்புங்கள். மதியம் வருகிற பிரைவேட் பஸ் கண்டக்டரிடம் சாக்கில் கட்டிக் கொடுத்தால், ஓ.டி. ஸ்டாப்பிங்கில் நான் நின்று வாங்கிக்கொள்வேன். பெலிசியா ஹாஸ்டலில் படித்த காலத்தில் அவளுக்கு எத்தனை தூக்குச்சட்டி மீன்குழம்பு அப்படிப் போயிருக்கிறது. டிரம் என் வீட்டுக்கு வந்துவிட்டால் அது திரும்ப உங்கள் வண்டிக்குப் போகாது அல்லவா?

பிள்ளை நன்றாக இருக்கிறாள். சும்மா இருப்பதில்லை. வாசலில் யார் கூப்பிட்டாலும் ஓடிவந்து என் கையைத் தட்டுகிறாள். பால்காரர் மணி அடித்தால் ஒரு தட்டு, கேஸ்காரர் என்றால் இரண்டு தட்டு, கோயில் மணிக்கு நெற்றியில் சிலுவை போட்டுக் காட்டுகிறாள். குக்கர் விசில் அடித்தால் உங்கள் அத்தை குளித்துக்கொண்டிருந்தாலும் எனக்குத் தகவல் வந்துவிடும். கடைக்குக் கூட்டிப் போனால் கடைக்காரன் சொல்வதைத் திருப்பி என் காதுப் பக்கம் கத்துகிறாள். கட்டு போட்டிருந்த நாளில்கூட இந்த வேலைக்கு லீவு போடவில்லை.

பெலிசியா அனுப்பிய காது மிஷினைப் போடுகிறீர்களா என்று போன கடிதத்தில் நீங்கள் கேட்கவில்லை. அடுத்ததில் கேட்பீர்கள், அவள் கேட்கச் சொல்வாள். அது பீரோவில் பத்திரமாக இருக்கிறது. ஒரு நாள் போட்டுப் பார்த்தேன், தகரக் கூரைக்குள் உட்கார்ந்திருக்கும்போது மழை பெய்த மாதிரி இருந்தது. எனக்கு மிஷின் தேவை இல்லை. ஜோவிட்டா இருக்கிறாள்.

சகாயநாதன்


அண்ணாமலை நகர்
2 மார்ச் 2025

மாமாவுக்கு,

சாக்கில் இருப்பது இடது, வலது இரண்டு டிரம்மும். கிரீஸைத் துடைத்துவிட்டேன். இருந்தாலும் வேட்டியில் படாமல் தூக்குங்கள்.

வேலை சொன்ன மாதிரி லேசாக இல்லை. இதே வண்டியில் உயர்ந்த மாடலுக்குப் பின்னாலும் டிஸ்க் வருகிறது. அதன் பழைய சாமான் புதுப்பேட்டையில் கிடைத்தது, யாசரே சென்னைக்குப் போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தான். தட்டைப் பிடித்து நிறுத்துகிற காலிப்பர் இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் தட்டை மாட்டியபின் என் பழைய ரிம் அதன்மேல் உட்காரவில்லை, பெரிய ரிம் வாங்க வேண்டியதாயிற்று. ரிம் பெரிதானதால் டயரும் பெரிது. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று வருகிறது. வண்டி ஜாக்கிமேல் நிற்கிறது, நான் ஷேர் ஆட்டோவில் போய்வருகிறேன்.

இன்னொரு விஷயம். ஹேண்ட் பிரேக் அந்த டிரம்முக்குள்தான் இருந்தது. டிரம் போனதும் அதுவும் போய்விட்டது. கிடைத்த காலிப்பரில் ஹேண்ட் பிரேக் கேபிள் மாட்ட இடம் இல்லை. அந்த வசதி உள்ளது தேடினால் கிடைக்கலாம், இன்னும் ஒரு மாதம் ஆகலாம் என்கிறான் யாசர். அவனுக்கு இது பிடிக்கவில்லை. “ஹேண்ட் பிரேக் இல்லாம வண்டிய வெளிய வுட எனக்கு மனசு வரலண்ணே” என்றான். ஆர்.டி.ஓ. ஆபீசில் இந்த மாதிரி மாற்றத்துக்கு ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பதையும் சொன்னான்.

ஜோவிட்டாவுக்கு அந்த ஹேண்ட் பிரேக் சத்தம் பிடிக்கும். வண்டியை நிறுத்தியதும், “அப்பா, நான் இழுக்கறேன்” என்று இரண்டு கையாலும் பிடித்து, கர்ர்ர்ரென்று மேலே தூக்குவாள். அவள் விளையாட்டுக்கு இழுத்ததுதான். நான் எப்போது இழுத்தேன் என்று யோசித்துப் பார்த்தால் ஞாபகம் வரவில்லை.

நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? காத்திருக்கட்டுமா? காத்திருந்தால் ஏப்ரலும் போய்விடும், பள்ளிக்கூடம் திறந்துவிடும்.

டேவிட்


கடலூர் ஓ.டி.
10 மார்ச் 2025

மாப்பிள்ளைக்கு,

டிரம் வந்து சேர்ந்தது. கண்டக்டர், “இன்னா பெரியவரே, குண்டா?” என்றானாம். ஜோவிட்டா என் காதில் கத்திச் சொன்னாள், பஸ்ஸே சிரித்தது. உங்கள் அத்தை இரண்டையும் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவி, மண் போட்டு, கற்பூரவல்லிக் கிளை ஒடித்து நட்டுவிட்டாள். நடுவில் ஓட்டை இருப்பதால் தண்ணீர் தேங்காதாம். ஆக, அந்த டிரம்மில் தண்ணீர் தேங்குகிறது என்று நானும் அந்தோணிசாமியும் சொன்னதை அவள் ஒரு கைப்பிடி மண்ணில் பொய்யாக்கிவிட்டாள் என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள். அது சக்கரத்தில் இருக்கும்போது வேறு, வாசலில் இருக்கும்போது வேறு.

ஹேண்ட் பிரேக்குக்காக ஒரு மாதம் காத்திருப்பதா? கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் எங்கே ஐயா மேடு இருக்கிறது? தண்ணீரே எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் வீட்டுக்குள் வருகிற ஊர் நம்முடையது. கம்பெனி வண்டி ஓட்டியவர்களில் ஒருத்தன்கூட ஹேண்ட் பிரேக்கை இழுத்து நான் பார்த்ததில்லை. கியரில் போட்டு நிறுத்துவான், இல்லை சக்கரத்துக்கு ஒரு செங்கல் வைப்பான். நீங்களே இழுத்ததில்லை என்று எழுதிவிட்டு, இதைச் சாக்கு வைத்து வேலையை இழுத்தடிக்க வேண்டாம்.

ஆனால் ஒரு பரீட்சை உண்டு. பாய்லரை ரிப்பேர் செய்தால், இருக்கிற அழுத்தத்தைவிட ஏற்றிச் சோதிப்போம், அப்புறம்தான் வேலைக்கு விடுவோம். தவக்காலம் முடிந்து வருகிற பாஸ்கு திருநாளுக்கு மறுநாள் வண்டியை எடுத்துக்கொண்டு வாருங்கள். உப்பனாற்றுப் படகுத்துறையில் சரிவு இருக்கிறது, ஈரமும் இருக்கிறது. சக்கரத்தில் தண்ணீரை ஊற்றி, அந்தச் சரிவில் இறங்கி, நிறுத்திக் காட்டுங்கள். நின்றால் பிள்ளையின் துணிமணியைக் கட்டச் சொல்கிறேன்.

தவக்காலம் தொடங்கிய திருநீற்றுப் புதனிலிருந்து அவள் முட்டாய் சாப்பிடுவதை நிறுத்தியிருக்கிறாள். எதற்கு என்று கேட்டால் அப்பா வண்டிக்காகவாம்.

சகாயநாதன்


அண்ணாமலை நகர்
8 ஏப்ரல் 2025

மாமாவுக்கு,

வேலை முடிந்துவிட்டது. முடிந்துவிட்டது என்று இதற்கு முன்னாலும் இரண்டு தடவை நினைத்தேன்.

முதல் தடவை பெடல் தரை வரைக்கும் போனது. பைப்பில் காற்று இருந்திருக்கிறது. யாசர் கீழே படுத்துக்கொண்டு “மிதி, புடி, வுடு” என்று சொல்லச் சொல்ல நான் மேலே உட்கார்ந்து மிதித்தேன். பிரேக் ஆயில் வாடை இன்னும் கையில் இருக்கிறது.

இரண்டாம் தடவை பி.முட்லூர்ப் பக்கம் ஆள் இல்லாத ரோட்டில் தண்ணீர் ஊற்றி ஓட்டிப் பார்த்தோம். மிதித்ததும் முன்சக்கரத்துக்கு முன்னால் பின்சக்கரம் பிடித்துக்கொண்டது. வண்டியின் பின்பக்கம் தனியாக வீசிக்கொண்டு போய், வந்த திசையைப் பார்த்து நின்றோம். யாசர் பெருமூச்சு விட்டான். “பின்னாடி வேகமா புடிச்சா இதான் நடக்கும்ண்ணே” என்றான். பின்னால் போகிற ஆயிலைக் குறைக்க ஒரு வால்வு போட்டிருக்கிறான். பின்னால் நன்றாக நிறுத்த வேண்டும் என்று பிரேக்கை மாற்றிவிட்டு, பின்னால் ரொம்ப நிறுத்திவிடக் கூடாது என்று வால்வைப் போட்டிருக்கிறோம். இப்போது, மாற்றுவதற்கு முன்னால் எப்படி நின்றதோ ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. இதை நீங்கள் கேட்காமலே சொல்கிறேன்.

பெலிசியாவும் நானும் பேசிக்கொள்வது இப்போது இந்த வண்டியைப் பற்றி மட்டும்தான். முந்தாநாள் அவள், “வேற எதாவது பேசேன்” என்றாள். யோசித்தேன், ஒன்றும் வரவில்லை. அவளும் நைட் டூட்டி முடித்து வந்திருந்தாள். போனை வைத்துவிட்டோம்.

ஹேண்ட் பிரேக் இல்லை. செங்கல் எடுத்துக்கொண்டு வருகிறேன். பாஸ்கு மறுநாள் காலையில் படகுத்துறையில் இருப்பேன்.

ஜோவிட்டாவை முட்டாய் சாப்பிடச் சொல்லுங்கள்.

டேவிட்


அண்ணாமலை நகர்
24 ஏப்ரல் 2025

மாமாவுக்கு,

உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? ஜோவிட்டாவின் உள்ளங்கைச் சிராய்ப்பு ஆறியதா?

என்ன நடந்தது என்று நீங்கள் அத்தையிடம் கேட்டீர்களாம். அத்தையும் பாதிதான் பார்த்திருக்கிறார்கள். முழுக்கப் பார்த்தவன் நான் ஒருத்தன்தான், அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னபடி சரிவில் இறங்கி நிறுத்தினேன். நின்றது. நீங்கள் தலையை ஆட்டிவிட்டு, இன்னும் தண்ணீர் ஊற்று என்று கை காட்டினீர்கள். என்ஜினை அணைக்காமல், கியரை நியூட்ரலில் விட்டு, முன்சக்கரத்துக்குச் செங்கலை வைத்துவிட்டு வாளியை எடுத்தேன். கியரில் போட்டிருக்க வேண்டும். உடனே ஏறிவிடப் போகிறோமே என்று நினைத்தேன். இரண்டாவது வாளி ஊற்றியபோது அடியில் இருந்த பாசியோடு செங்கல் வழுக்கியது. வண்டி உருள ஆரம்பித்தது. நான் பின்பக்கம் நின்றேன். டிக்கியைப் பிடித்து இழுத்தேன், நிற்குமா?

நீங்கள் கீழே தண்ணீர் ஓரம் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வந்து சேர்ந்த படகைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் கத்தினேன். வலை உதறிக்கொண்டிருந்தவர்கள் கத்தினார்கள். படகிலிருந்தவர்களும் கத்தினார்கள். நீங்கள் அவர்களைப் பார்த்துக் கையை ஆட்டினீர்கள். மீன் விலை சொல்கிறார்கள் என்று நினைத்தீர்களோ என்னவோ.

ஜோவிட்டா என் பக்கத்தில்தான் நின்றாள். அவள் கத்தவே இல்லை மாமா. கத்தினால் பிரயோசனம் இல்லை என்று அங்கே அவள் ஒருத்திக்குத்தான் தெரிந்திருந்தது. வண்டிக்கு முன்னால் ஓடினாள். வண்டியைத் தாண்டி ஓடி, உங்கள் வேட்டியைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தாள். இரண்டு பேரும் விழுந்தீர்கள். வண்டி உங்களைக் கடந்து போய்ச் சேற்றில் மூக்கைப் புதைத்து நின்றது.

இனி எனக்கு முடியாது. வண்டியை மறுபடியும் யாசரிடம் விட்டுவிட்டேன். டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, பழைய ஹப்பையும் டிரம்மையும் மாட்டச் சொல்லிவிட்டேன், ஹேண்ட் பிரேக்கோடு. ஜோவிட்டா அங்கேயே இருக்கட்டும். நீங்கள் சொன்னதுதான் சரி, அவள் என் வண்டியில் ஏற வேண்டாம். பெலிசியாவிடமும் சொல்லிவிட்டேன். அவள் அழுதாள், ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. மேஜையை அலமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டேன்.

டிரம் இரண்டையும் பஸ்ஸில் போட்டுவிடுங்கள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

டேவிட்


கடலூர் ஓ.டி.
30 ஏப்ரல் 2025

மாப்பிள்ளைக்கு,

முழங்கால் பரவாயில்லை. கை ஆறிவிட்டது.

டிரம்மை இப்போது அனுப்ப முடியாது. செடி வேர் பிடித்திருக்கிறது.

சகாயநாதன்


அண்ணாமலை நகர்
7 மே 2025

மாமா,

செடியை வாளிக்கு மாற்றலாம். வண்டி ஜாக்கிமேல் நிற்கிறது, யாசர் தினமும் கேட்கிறான். நீங்கள் எதற்காக டிரம்மைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. பிள்ளை உங்களிடம்தான் இருக்கிறாள். இன்னும் என்ன?

டேவிட்


கடலூர் ஓ.டி.
18 மே 2025

சேசு மரி சூசை துணை

டேவிட்டு,

வருகிற வெள்ளிக்கிழமை மதியம் பஸ்ஸில் டிரம் இரண்டும் வருகிறது. வண்டிகேட் ஸ்டாப்பிங்கில் நின்று வாங்கிக்கொள். உள்பக்கம் துரு இருந்தது, உப்புத்தாள் போட்டு நானே தேய்த்தேன். யாசர் இன்னொரு தரம் பார்த்துக்கொள்ளட்டும். கற்பூரவல்லி வாளிக்கு மாறிவிட்டது, ஒரு இலை வாடவில்லை.

இன்னும் என்ன என்று கேட்டிருந்தாய். கோபத்தோடு கேட்டாய், சரிதான். அதற்குப் பதில் எழுத எனக்குப் பத்து நாள் ஆனது.

பாஸ்குக்கு மறுநாளிலிருந்து ஜோவிட்டா என் பின்னால் நடக்கிறாள். முன்பெல்லாம் என் விரலைப் பிடித்துக்கொண்டு முன்னால் இழுத்துக்கொண்டு போவாள். இப்போது கடைக்குப் போனாலும் பின்னால், பூசைக்குப் போனாலும் பின்னால். திரும்பிப் பார்த்தால் அவளும் எனக்கு முதுகைக் காட்டி, பின்பக்கம் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நடக்கிறாள். கல் தடுக்கி விழுந்துகூட எழுந்து வந்தாள். “ஏம்மா, தாத்தா கூட வாயேன்” என்றேன். என் சட்டையைப் பிடித்துக் குனிய வைத்துக் காதில் கத்தினாள். “பின்னாடி வண்டி வந்தா உனுக்குத் தெரியாது தாத்தா. எனுக்குத் தெரியும்.”

உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தோணிசாமியிடம்கூடச் சொன்னேன். போன ஞாயிற்றுக்கிழமை நன்மை வாங்க வரிசையில் நின்றோம். கோயிலுக்குள்ளே, பீடத்துக்கு எதிரே. அங்கேயும் அவள் திரும்பி நின்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோயிலுக்குள் எந்த வண்டிப்பா வரும்? சாமியார் அப்பத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறார், என்னால் வாயைத் திறக்க முடியவில்லை.

பாய்லர் ஹவுஸில் அபாய மணி கெட்டுப்போனால் மணியைச் சரி செய்வோம். மணிக்குப் பதிலாக ஒரு பிள்ளையை அங்கே நிறுத்தி வைக்க மாட்டோம். என் வீட்டில் நான் அதைத்தான் செய்து வைத்திருக்கிறேன். ஏழு வயசுப் பிள்ளை ஓடுகிற வண்டிக்கு முன்னால் பாய்ந்திருக்கிறது. உன் பிரேக்கால் இல்லை, என் காதால்.

பிரேக் ஒரு காரணமே இல்லை டேவிட்டு. உன் வண்டி அன்று சரியாக நின்றிருந்தால் நான் வேறொன்று கேட்டிருப்பேன். கண்ணாடியை மாற்று, விளக்கை மாற்று என்று எதையாவது சொல்லியிருப்பேன். நீயும் மாற்றிக்கொண்டே இருந்திருப்பாய், நீ அப்படிப்பட்ட ஆள். அவள் போய்விட்டால் இந்த வீட்டில் எனக்கு ஒன்றுமே கேட்காது. அந்தப் பயம்தான், வேறில்லை. டிரம்மைப் பிடித்து வைத்ததும் அதற்குத்தான். அது போனால் வண்டி ஓடும், வண்டி ஓடினால் ஒரு நாள் உனக்கு மனசு மாறும் என்று கணக்குப் போட்டேன். எழுதவே கேவலமாக இருக்கிறது.

பூசை முடிந்து வந்து பீரோவைத் திறந்தேன். காது மிஷினை உன் அத்தை சவரிமேரி புது பேட்டரி போட்டு மாட்டிவிட்டாள். தகரத்தில் பெய்கிற மழைதான், ஆனால் இந்தத் தடவை கழற்றவில்லை. இரண்டு நாள் தலைவலி. மூன்றாம் நாள் மழைக்குள்ளே ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. ஃபேன் இவ்வளவு சத்தம் போடும் என்று யாரும் சொல்லவில்லையே. சவரிமேரி குரல் கிழடாகிப் போயிருக்கிறது. எப்போது ஆனது என்று தெரியவில்லை. குக்கர் விசில் அடித்தபோது நான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். ஜோவிட்டா விழுந்து விழுந்து சிரித்தாள்.

அவள் எப்போதும் கத்தித்தான் பேசுகிறாள், அது இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. சாமி கும்பிடும்போதும் கத்துகிறாள், பொம்மையிடமும் கத்துகிறாள். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் இருக்கிற பிள்ளையிடம் ஒரு ரகசியம் சொல்ல வேண்டுமென்றால் என்ன செய்வாள்? “மெதுவா பேசும்மா, தாத்தாவுக்குக் கேக்குது” என்றேன். நம்பவில்லை. அடுக்களையில் போய் நின்று ஏதோ முணுமுணுத்துவிட்டு, என்ன சொன்னேன் என்று வந்து கேட்டாள். பாதிதான் கேட்டது. அப்பா என்பது கேட்டது.

மேஜையை அலமாரிக்குப் பின்னாலிருந்து இழுத்து ஜன்னல் பக்கம் போடு. டிரம்மை மாட்டி முடித்ததும், பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வா. படகுத்துறைப் பக்கமே போகாதே, நேராக வீட்டு வாசலுக்கு வா. துணிமணியை எல்லாம் மடித்துப் பெட்டியில் வைத்தாகிவிட்டது. மாவுக்கட்டையும் வைக்கச் சொல்லி அடம் பிடித்தாள், வைத்திருக்கிறேன். முட்டாய் நிறைய வாங்கிக் கொடுத்துவிட்டேன், அத்தை திட்டுகிறாள்.

இது கடைசி நிபந்தனை, உனக்கு இல்லை, எனக்கு. வண்டியை வாசலில் நிறுத்தியதும் ஜோவிட்டாவை ஏறச் சொல்லி ஹேண்ட் பிரேக்கை இழுக்கச் சொல். அந்தக் கர்ர்ர் சத்தத்தை அவள் எனக்கு வாயாலே செய்து காட்டியிருக்கிறாள். நான் வாசற்படியில் வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன். எனக்குக் கேட்டால் திரும்பி வந்து பெட்டியை நானே தூக்கி வண்டியில் வைப்பேன்.

கேட்கவில்லை என்றாலும் வைப்பேன்.

மாமா
சகாயநாதன்